உளவாளி என்று எழுதியது யார்?

(ஹெப்பகோடியில் ஆசிரியர்களும் தொழிலாளர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



போர்க்கால உளவு குறித்து நம் பிள்ளைகள் அறிந்தது பெரும்பாலும் திரைப்படம் கற்பித்ததுதான். அசல் ஆவணங்களை அவர்கள் கையில் கொடுக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் தன் நாட்டுப் பள்ளிகளுக்கு இதைச் செய்துவருகிறது.

1943ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு ஜூனில், திப்பு சுல்தானின் வழிவந்த நூர் இனாயத் கான், பிரிட்டனுக்காகக் கம்பியில்லாத் தந்தி இயக்குபவராக நாஜிகள் பிடித்திருந்த பிரான்சில் இறங்கினார். அவரது பணிக்கோப்பு அக்காப்பகத்தில் இருக்கிறது. அவருக்கு அறிவுக்கூர்மை போதாது என்று பயிற்சி அதிகாரி ஒருவர் எழுதியிருக்கிறார். அதெல்லாம் அபத்தம் என்று மேலதிகாரி பக்மாஸ்டர் ஓரத்தில் கிறுக்கியிருக்கிறார். சக உளவாளிகள் கைதான பின்பும் பாரிசை விட்டு வெளியேற மறுத்துச் செய்தி அனுப்பியவர் நூர். 1944 செப்டம்பரில் டாக்காவ் வதைமுகாமில் சுட்டுக்கொல்லப்பட்டார். பிரிட்டன் 1949இல் ஜார்ஜ் சிலுவை விருது வழங்கியது. ஒரே தாள், இரண்டு கையெழுத்து, இரண்டு தீர்ப்பு! அரசு முத்திரை இருப்பதாலேயே ஒரு தாள் உண்மையாகிவிடாது என்பதை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிட எளிதாக எப்படிச் சொல்வது?

அதே 1943 செப்டம்பர் 10 அன்று, அதே பிரிட்டன் சென்னைச் சிறையில் நால்வரைத் தூக்கிலிட்டது: வக்கம் அப்துல் காதர், அனந்தன், சத்யேந்திர சந்திர பர்தன், ஃபௌஜா சிங். காதர் திருவிதாங்கூரிலிருந்து மலேயாவுக்குப் பிழைக்கப் போனவர். பினாங்கில் உளவுப் பயிற்சி பெற்று, 1942 செப்டம்பரில் ஜப்பானிய நீர்மூழ்கியில் வந்து, மலபார்க் கரையில் தானூரில் இறங்கிப் பிடிபட்டார். அரசுத் தாள்களில் அவர் எதிரியின் ஆள். தூக்குக்கு முன் தந்தைக்கு எழுதிய கடிதத்தில் வேறொரு மனிதர் பேசுகிறார். இரண்டையும் அருகருகே வையுங்கள். ஊர்விட்டுப் பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள் நிறைந்த ஹெப்பகோடி வகுப்பறைக்கு அக்கடிதம் அந்நியமானதன்று.

நெருடலான கேள்விகளும் வரும். ஜப்பான் பாசிசக் கூட்டணியில் இருந்ததே? இருந்தது. அதன் சயாம்–பர்மா ரயில்பாதையில் மலேயாவின் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் பல்லாயிரவர் மடிந்தனர். கம்யூனிஸ்டுகள் அன்று 'மக்கள் யுத்தம்' என்ற நிலைப்பாட்டில் நின்று நேதாஜியைக் கடுமையாக விமர்சித்தார்கள். அந்நாளைய கட்சி ஏடுகளும் மேசைமீது இருக்கட்டும். நமக்குச் சாதகமான தாளை மட்டும் காட்டினால், காந்தி கொலைக்குப் பின் ஆர்.எஸ்.எஸ். தடைசெய்யப்பட்ட செய்தியைப் பாடநூலிலிருந்து நீக்கிய என்.சி.இ.ஆர்.டி.க்கும் நமக்கும் என்ன வேறுபாடு?

ஆசிரியர்களுக்கு ஒன்று. நகலில் கையொப்பத்தை மறைத்துக் கொடுங்கள். எழுதியவர் யாரென்று பிள்ளைகள் முதலில் ஊகிக்கட்டும். ஒரு வகுப்புக்கு இரண்டு தாள் போதும். நாற்பது நிமிடத்தில் அதற்குமேல் ஓடாது.