நன்றியும் உரிமையும்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

‘இருப்பதற்கு நன்றி செலுத்தி மனநிறைவோடு வாழுங்கள்’ என்று நமக்கு அறிவுரை கூறுவோர் பலர். மாதக் கடைசியில் அரிசிக்குக் கடன். மழை வந்தால் ஒழுகும் கூரை. உப்புப் பூத்து உதிரும் சுவர். இவற்றோடு மணலியில் வாழும் நாம் யாருக்கு நன்றி செலுத்துவது? எதற்காகச் செலுத்துவது?

அண்ணல் அம்பேத்கரின் இளமையை எண்ணிப் பாருங்கள். பம்பாயின் பரேல் பகுதியில், ஆலைத் தொழிலாளர் வாழ்ந்த குடியிருப்பில் ஓர் அறையே அவருடைய வீடு. சமையலும் படுக்கையும் படிப்பும் அதற்குள்ளேதான். இடமின்மையால் தந்தையார் இராம்ஜி சக்பால் இரவு இரண்டு மணிவரை விழித்திருந்து, மகனைப் படிக்க எழுப்பிவிட்டு, அதன் பின்னரே உறங்குவார். மகனுக்குப் புத்தகம் வாங்க, மணமான மகளிரின் நகையைக் கேட்டுப் பெற்று அடகு வைப்பார்.

அண்ணல் 1913இல் அமெரிக்காவிற்கும், 1920இல் மீண்டும் இலண்டனுக்கும் கல்வி கற்கச் சென்றபோது, இல்லத்தின் வறுமையைத் தாங்கியவர் துணைவியார் இரமாபாய் அம்மையார். பெற்ற மக்களுள் நால்வரைப் பறிகொடுத்த அவர் 1935இல் மறைந்தார். பாகிஸ்தான் பிரச்சினை பற்றிய தம் நூலுக்கு 1940 டிசம்பரில் முன்னுரை எழுதிய அண்ணல், அந்நூலை அம்மையாரின் நினைவிற்கே காணிக்கையாக்கினார். நண்பரும் இல்லாத வறுமை நாட்களில் தம்முடன் துன்பம் சுமந்த அவரது மன உறுதியை அதில் போற்றினார்.

அண்ணலின் நன்றி வறுமைக்கு அன்று. வறுமையை உடன் சுமந்தவருக்கு. வறுமையை அவர் எதிர்த்தே நின்றார். 1942இல், வைசிராயின் நிர்வாக சபை உறுப்பினராக இருந்தபோது, நம் மாணவர்களுக்குக் கல்வி உதவி வேண்டுமென மனு அளித்தார். 1944இல் தொடங்கிய உதவித்தொகைத் திட்டத்தின் பயனையே இன்றும் நம் பிள்ளைகள் கல்லூரிகளில் பெறுகின்றனர்.

நாமும் இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டும். 2023 டிசம்பர்ப் புயல் மழையின்போது, மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் கலந்த வெள்ளம் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர் முகத்துவாரம்வரை பரவியது. குடியிருப்புகளும் மீனவர் படகுகளும் கறைபட்டன. இத்தகைய நிலையில் மனநிறைவு கொள்வது நன்றியாகாது. நல்ல வீடும், குடிநீரும், வடிகாலும் கேட்டுப் பெறுதல் நம் உரிமை. உரிமை கேட்பவன் நன்றி மறந்தவன் அல்லன்.

ஆனால், வெள்ளம் வடிந்ததும் சேற்றை வாரிக் கொட்டி, நனைந்த புத்தகத்தை அடுப்பருகே உலர்த்தி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தாய்க்கு நாம் கடன்பட்டவர்கள். கைமாற்றுக் கொடுத்த அண்டை வீட்டாருக்கும், தம் கூலியில் மிச்சம் பிடித்து இச்சங்கத்தின் சந்தாவைச் செலுத்திய முன்னோருக்கும் நாம் கடன்பட்டவர்கள்.

இளைஞர்களே! ஒழுகும் கூரையைக் கண்டு வெட்கப்படாதீர்கள். அதன் கீழ் உங்களை வளர்த்தவர்களை எண்ணிப் பெருமை கொள்ளுங்கள். அண்ணல் அளித்த காணிக்கையைக் காண அம்மையார் உயிருடன் இல்லை. உங்கள் இல்லத்துத் தாய்மார் இருக்கும்போதே நன்றியைக் கூறுங்கள். முதல் ஊதியத்தில் கூரையைச் செப்பனிடுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு ஒரு புத்தகமேனும் வாங்கிக் கொடுங்கள். அதுவே நாம் செலுத்தத்தக்க நன்றி.

வளர்க கல்வி! வாழ்க நம் ஒற்றுமை! ஜெய் பீம்!