சாம்பார் தூக்கும் ஸ்போர்ட் பொத்தானும்

போன மாதம் என் தங்கை மகன் ஒரு ஸ்போர்ட்ஸ் காரோடு குரோம்பேட்டைக்கு வந்து நின்றான். நண்பனிடம் ஒரு நாளைக்கு இரவல் வாங்கிய வண்டி. "வாங்க மாமா, செங்கல்பட்டு பெரியம்மாவைப் பார்த்துட்டு வந்துடலாம்" என்றான். வீட்டில் அக்காவுக்கென்று ஒரு தூக்கு நிறைய சாம்பார் கொடுத்தனுப்பினார்கள். அதை மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். ஏறினேன் என்ன, கிணற்றில் இறங்குவதுபோல் இறங்கித்தான் உட்கார்ந்தேன்.

வண்டியில் கம்ஃபர்ட், ஸ்போர்ட், ஸ்போர்ட் பிளஸ் என்று மூன்று நிலை. ராதா நகர்த் தெருவில், குழாய்க்கு வெட்டி மூடிய மேடு ஒன்றைக் கம்ஃபர்டில் கடந்தோம். சாம்பார் ஒரு முறை அலைந்து அடங்கியது. அடுத்த மேட்டை ஸ்போர்டில் கடந்தான். 'டக்' என்றது, மூடியோரம் மஞ்சளாய் ஒரு கோடு, என் வேட்டியில் ஒரு பொட்டு. மூன்றாவது நிலைக்கு நான் சம்மதிக்கவில்லை.

பொத்தானை அழுத்தினால் ஸ்பிரிங் கெட்டிப்படுகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பெரும்பாலான வண்டிகளில் ஸ்பிரிங் அப்படியேதான் இருக்கும். மாறுவது ஷாக் அப்சார்பர். பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங், அதன் ஆட்டத்தை அடக்குவது ஷாக். வங்கிக் கதவின் மேலே ஒரு சின்னப் பெட்டி இருக்குமே, அதற்குள் எண்ணெய் சிறு துளை வழியே நகர வேண்டியிருப்பதால்தான் கதவு அறையாமல் மெல்லச் சாத்திக்கொள்கிறது. ஷாக்கும் அப்படித்தான்; காரில் அந்த வழியை ஒரு மின்சார வால்வு குறுக்குகிறது, அகலமாக்குகிறது. அவ்வளவுதான் பொத்தானின் ரகசியம்.

சில கார்களில் துளையை விட்டுவிட்டு எண்ணெயையே மாற்றுகிறார்கள். இரும்புத் துகள் கலந்த எண்ணெய் அது. காந்தப் புலம் பட்டதும் துகள்கள் சங்கிலியாய்க் கோத்துக்கொள்ள, எண்ணெய் கூழாகிவிடும். அமெரிக்காவில் ஜேக்கப் ரபினோ 1940களிலேயே கண்டுபிடித்தது. காருக்குள் வர 2002 ஆயிற்று, காடிலாக் செவிலில்.

நம் தெரு மெக்கானிக்கும் ஷாக்கைக் கெட்டியாக்குவதாகத்தான் நினைக்கிறோம். பைக்கின் பின் ஷாக்கில் படிப்படியாய் வெட்டிய வளையம் இருக்கும். பின்னால் கேஸ் சிலிண்டர் கட்டுகிற ஆள் வந்தால் கொக்கி ஸ்பேனரை மாட்டி ஒரு படி திருப்பி, "ஹார்டாக்கிட்டேன் சார்" என்பார். உண்மையில் ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கி வைத்திருக்கிறார். பின்பக்கம் தாழ்ந்து போகாது. ஸ்பிரிங்கின் கெட்டியும் எண்ணெயின் வழியும் பழையபடியே.

"ஸ்போர்ட்லதான் வண்டி வேகமாப் போகுது மாமா" என்றான் பையன். முள் அதே அறுபதில்தான் நின்றது. குலுக்கல் உடம்புக்கு வருவதால் வேகம் என்று தோன்றுகிறது. டயர் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் பிரேக்கும் ஸ்டியரிங்கும் பேச்சைக் கேட்கும். மேடு பள்ளத்தில் கெட்டியான ஷாக், சக்கரத்தை மட்டும் ஏறி இறங்க விடாமல் வண்டியையே தூக்கிப் போடும், டயர் துள்ளும். 1990இல் வந்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதை போல வழவழப்பான தார் என்றால் கதையே வேறு. அங்கே வளைவில் வண்டி சட்டென்று சாயாது, பிரேக் பிடித்ததும் சட்டென்று மூக்கைக் குத்தாது. குரோம்பேட்டைக்கு கம்ஃபர்ட்தான் வேகமான நிலை என்பது என் கட்சி. எங்கள் குரோம்பேட்டை எம்.ஐ.டி. கல்லூரியில் 1949 முதல் ஆட்டோமொபைல் பொறியியல் சொல்லித் தருகிறார்கள்; ஆட்சேபம் இருந்தால் அங்கிருந்து வரட்டும்.

பையன் கேட்கவில்லை. தாம்பரம் மேம்பாலத்தின் ஒவ்வொரு இணைப்பையும் என் இடுப்பெலும்பு எண்ணிக்கொண்டே வந்தது. வண்டலூர் தாண்டி, புதிதாய்த் தார் போட்ட ஓரிடத்தில் மட்டும் ஸ்போர்ட் அருமையாக இருந்தது. லேன் மாற்றும்போது சாம்பார்கூடச் சாயவில்லை. அதை மறைக்க மாட்டேன்.

திரும்பும்போது தூக்கு காலி. "இப்போ ஸ்போர்ட் பிளஸ் போடட்டுமா மாமா?" என்றான். போடுடா என்றேன். சிங்கப்பெருமாள் கோவில் வருவதற்குள் நானே கையை நீட்டிப் பொத்தானைத் தேடினேன்.