ஓட்டுநரின் உறக்கமும் நம் பொறுப்பும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில் பேஷ் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

இந்த அவையில் தோல் தொழில் நடத்துவோர் அமர்ந்திருக்கின்றீர்கள். காலணித் தொழிற்சாலைகளில் பணியாற்றுவோரும், கடை வைத்திருப்போரும் வந்திருக்கின்றீர்கள். நம் மஹல்லாவின் லாரி ஓட்டுநர்களை மட்டும் விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்கள் அலட்சியத்தால் வராமல் இருக்கவில்லை. இந்த நேரத்தில் அவர்கள் சாலையில் இருக்கிறார்கள். எனவே அவர்களுக்குச் செய்ய வேண்டிய உபதேசத்தை விட, அவர்களுக்கு லோடு ஏற்றிக் கொடுக்கும் உங்களிடம் சொல்ல வேண்டியதே இன்று அதிகம் என்று கருதுகிறேன்.

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று இந்தப் பகுதியின் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் நம் ரிஸ்க் லாரியின் மேல்தான் வருகிறது, லாரியின் மேல்தான் போகிறது. உப்பிட்ட பச்சைத்தோல் வெளி மாநிலங்களிலிருந்து வருகிறது. ரசாயனப் பீப்பாய்கள் வருகின்றன. பதனிட்ட தோலும் காலணியும் சென்னைத் துறைமுகத்திற்குப் போகின்றன. முன்பு 46 என்றும் இப்போது 48 என்றும் எண்ணிடப்பட்டுள்ள தேசிய நெடுஞ்சாலைதான் இவையனைத்திற்கும் வழி.

பச்சைத்தோல் ஏற்றிய வண்டியின் நிலையைக் கவனியுங்கள். தார்ப்பாய்க்கு அடியிலிருந்து உப்புநீர் கசிந்துகொண்டே வரும். வாடை தாங்காமல், "கொஞ்சம் தள்ளி நிறுத்துப்பா" என்று சாப்பாட்டுக் கடைக்காரர் சொல்லிவிடுவார். தள்ளித் தள்ளிப் போனால் கடைசியில் கிடைப்பது விளக்கில்லாத சாலை ஓரம். அங்கே படுத்தாலும் ஒரு கண் திறந்தபடியே தூங்க வேண்டும். டீசலைத் திருடுகிறவன் உண்டு, தார்ப்பாயைக் கிழிக்கிறவன் உண்டு. என்ஜின் சூட்டில் வெந்த கேபினில் இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டு, தூக்கத்தை விரட்டப் போதைப் பாக்கை வாயில் அடக்கிக்கொண்டு புறப்படுகிறார். 2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் கேபினுக்குக் குளிர்சாதன வசதி கட்டாயமாக்கப்பட்டிருப்பது நல்ல செய்தியே. அதற்கு முன் தயாரான வண்டிகளை ஓட்டுகிறவருக்கு அந்தச் செய்தி மட்டும்தான் குளிர்ச்சி!

2022ஆம் ஆண்டில் மட்டும் இந்திய நாட்டின் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் நம் தமிழகத்திற்கு: 64,105. உயிரிழந்தோர் 17,884 பேர். நாட்டில் நடந்த விபத்துகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று, பின்னாலிருந்து வந்து மோதியதால் நேர்ந்தது.

இங்கே ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சியை நினைவூட்ட விரும்புகிறேன். ஓர் இரவுப் பயணத்தில் நபி (ஸல்) அவர்கள் வாகனத்தின் மீதே கண்ணயர்ந்து சாய்ந்தார்கள். அருகில் வந்த அபூகதாதா (ரலி) அவர்கள், அவர்களை எழுப்பாமலே தாங்கிப் பிடித்து நிமிர்த்தினார்கள். மீண்டும் அவ்வாறே நடந்தது. மூன்றாம் முறை விழுந்துவிடும் அளவுக்குச் சாய்ந்தபோது தாங்கியதும் நபியவர்கள் விழித்து, யார் என்று வினவினார்கள். இரவெல்லாம் இவர் இப்படியே உடன் வந்திருக்கிறார் என்று அறிந்ததும் அவருக்காக துஆச் செய்தார்கள். அதன்பின் என்ன செய்தார்கள் என்பதுதான் முக்கியம். பயணத்தைத் தொடரவில்லை. பாதையை விட்டு விலகிச் சென்று உறங்கினார்கள். அன்று ஃபஜ்ரு தொழுகையின் நேரமே தவறி, வெயில் ஏறிய பிறகே விழித்தார்கள். வருந்திய தோழர்களிடம், உறக்கத்தில் குற்றமில்லை, விழித்திருக்கும்போது காட்டும் அலட்சியமே குற்றம் என்ற கருத்தில் ஆறுதல் கூறினார்கள்.

ஒட்டகத்தின் மீது செல்பவர் விழுந்தால் அவருக்கு மட்டும்தான் அடி. இருபது டன் சுமையுடன் செல்பவர் கண் மூடினால், எதிரே வரும் காலணித் தொழிற்சாலை வேனில் இருக்கும் நம் பெண்பிள்ளைகளின் கதி என்ன?

இரவில் தங்குவதாயின் பாதையின் மீது தங்காதீர்கள் என்ற பொருளிலும் நபிமொழி உண்டு. விலங்குகளும் விஷ ஜந்துகளும் இரவில் நடமாடும் இடம் அது என்று காரணமும் சொல்லப்பட்டுள்ளது. நம் காலத்து விலங்கு எது என்பதை நாம் கண்ணால் கண்டோம். 2023 செப்டம்பர் 11 அதிகாலையில் நாட்றம்பள்ளி அருகே, டயர் பஞ்சராகி நின்ற சுற்றுலா வேனின் மீது பின்னால் வந்த மினி லாரி மோதியது. இறங்கி அருகில் அமர்ந்திருந்த ஏழு பெண்கள் உயிரிழந்தனர். நம் ஆம்பூரை அடுத்த கிராமத்தவர்கள் அவர்கள்.

ஹனஃபி ஃபிக்ஹு நூல்களில் ஒரு பாடம் உண்டு. உறங்குகிறவன் புரண்டு விழுந்து மற்றொருவர் இறந்துபோனால், அவன் அறியாமல் செய்தது என்றாலும் தியத்தும் கஃப்பாராவும் நீங்குவதில்லை. பொதுப் பாதையில் கல்லை வைத்தவன், அதில் இடறி ஒருவர் இறந்தால், உயிரிழப்புக்குக் காரணமானவன் என்ற வகையில் பொறுப்பேற்க வேண்டும். மதரஸாவில் ஓதிய நாளில் இவை பழங்காலத்து உதாரணங்கள் என்றே எனக்குத் தோன்றின. விளக்கும் இல்லாமல், எச்சரிக்கை முக்கோணமும் வைக்காமல் நெடுஞ்சாலையில் நிற்கும் லாரியைப் பார்க்கும்போது அந்தக் கல்தான் நினைவுக்கு வருகிறது. ஃபத்வாவாக இதைச் சொல்லவில்லை, சிந்தனைக்காகச் சொல்கிறேன்.

அந்தக் கல்லை அங்கே வைத்தவர் ஓட்டுநர் மட்டும்தானா? 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை என்று வரையறுத்தது. ஐந்து மணி நேர வேலைக்குப் பின் அரை மணி ஓய்வு என்றது. நடைமுறையில் கணக்கு வேறு. கப்பலுக்குச் சரக்கு சேர வேண்டிய கெடு நமக்கு ஒரு வாரம் முன்பே தெரியும். நாம் பேக்கிங்கை இழுத்தடித்துவிட்டு, இரவு பத்து மணிக்கு லோடு ஏற்றி, "விடிவதற்குள் சென்னையில் நிற்க வேண்டும்" என்கிறோம். பகலெல்லாம் லோடுக்காகக் கேட்டருகே காத்துக் கிடந்தவரிடம் சொல்கிறோம். நம் தாமதத்தை அவருடைய உறக்கத்திலிருந்து கழித்துக்கொள்கிறோம். பணியாளர் மீது தாங்க முடியாத சுமையைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் உதவுங்கள் என்பது நபியவர்களின் கட்டளை. நெடுந்தூர லோடுக்கு இரண்டாவது ஓட்டுநரை அனுப்புவதே அந்த உதவி. அபூகதாதா (ரலி) அவர்கள் செய்ததும் அதுதான். அதற்குரிய பேட்டாவைச் செலவு என்று எழுதாதீர்கள்.

ஓட்டுநர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் மஸ்அலாவையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் உள்ளவர்கள் அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். வாரம் மூன்று முறை சென்னை செல்பவரும் முஸாஃபிர்தான். சுமார் 77 கிலோமீட்டரும் அதற்கு மேலும் செல்லும் எண்ணத்துடன் ஊர் எல்லையைத் தாண்டினால், நான்கு ரக்அத் ஃபர்ளை இரண்டாகத் தொழ வேண்டும். ஆம்பூரிலிருந்து வேலூர் வரை மட்டும் செல்பவருக்கு இது பொருந்தாது. ரமலானில் பயணத்தின்போது நோன்பைத் தள்ளிவைத்துப் பின்னர் களாச் செய்யவும் அனுமதி உண்டு. தூக்கக் கலக்கத்தில் தொழுவதைக் கூட நிறுத்தி உறங்கச் சொன்ன மார்க்கம் இது. தூக்கக் கலக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடிக்க அது இடம் தருமா?

விபத்து நடந்த இடத்தில் நம் இளைஞர்கள் நடந்துகொள்ளும் முறை பற்றியும் ஒரு வார்த்தை. காயம்பட்டவரைக் கொண்டு சேர்த்தால் போலீஸ், கோர்ட் என்று அலைய நேரிடும் என்ற அச்சம் இனி வேண்டாம். 2016இல் உச்ச நீதிமன்றமும், 2019இன் சட்டத் திருத்தமும் உதவுபவருக்குப் பாதுகாப்பு அளித்துள்ளன. 2021இல் தொடங்கிய தமிழக அரசின் திட்டத்தில் முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. ஆகவே முதலில் 108ஐ அழையுங்கள். ஓட்டுநரை அடிக்கப் பாயாதீர்கள். அடி விழும் என்று அஞ்சியே பலர் ஓடிவிடுகின்றனர், அடிபட்டவர் கவனிப்பாரின்றிக் கிடக்கிறார். கூட்டத்தின் ஆவேசத்தை ஓட்டுநர் அஞ்ச வேண்டியிருக்கும் என்பதைச் சட்டமே கருத்தில் கொண்டுள்ளது. தவறு யாருடையது என்பதைக் காவல்துறை விசாரிக்கட்டும்.

இறுதியாக நிர்வாகத்திற்கு ஒரு விண்ணப்பம். நம் பள்ளிவாசலின் வெளிவாசல் சர்வீஸ் ரோட்டைப் பார்த்து இருக்கிறது. இஷாவுக்குப் பின் பூட்டினால் சுபுஹுக்குத்தான் திறக்கிறோம். குழாய்களும் செருப்புகளும் களவு போகும் என்ற அச்சம் நியாயமானதே. நானும் செருப்பை இழந்திருக்கிறேன். ஆயினும் பள்ளியில் உறங்குவது மற்றவருக்கு மக்ரூஹாக இருக்க, இஃதிகாஃப் இருப்பவருக்கும் பயணிக்கும் மட்டும் அதில் விலக்கு அளித்துள்ளனர் நம் இமாம்கள். உள்பள்ளியைத் திறக்க நான் கேட்கவில்லை. வெளித் திண்ணை, ஹவ்ளு, கழிப்பறை, ஒரு குடிநீர்க் குழாய், விடிய விடிய எரியும் ஒரு விளக்கு, பக்கத்துக் காலி மனையில் ஐந்தாறு லாரிகள் நிற்க இடம், இரவுக் காவலுக்கு ஒருவர். வருகிறவர் எந்த மதத்தவர் என்று காவலர் கேட்கக் கூடாது. காவலரின் மாதச் சம்பளத்தைத் தோல் மண்டி வியாபாரிகள் பகிர்ந்துகொள்ளலாம். இன்றைய பொதுக்குழு கலைவதற்கு முன் இதைத் தீர்மானமாக எடுத்துக்கொள்ளுமாறு தலைவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.