பாப்ளர் தரும் பாடம்



நகராண்மை என்றால் குப்பை வாருவதும் வரி வாங்குவதும்தானா? இலண்டனின் கிழக்கே, துறைமுகத் தொழிலாளர்கள் நிறைந்த பாப்ளரைப் பாருங்க.

1900இல் அது தனி நகராண்மையாயிற்று. வேலையற்ற ஏழைகளுக்கான உதவிப் பணத்தை அந்தந்த வட்டாரத்து வரியிலிருந்தே கொடுக்க வேண்டும் என்பது அன்றைய முறை. பணக்கார வட்டாரத்தில் ஏழைகள் கொஞ்சம், சுமையும் கொஞ்சம். பாப்ளரிலோ ஏழைகள் ஏராளம். வரியோ தலைக்கு மேல். இது என்ன நியாயங்க?

1921இல் ஜார்ஜ் லான்ஸ்பரி முதலிய மன்ற உறுப்பினர்கள், இலண்டன் பொது மன்றத்துக்குச் சேரவேண்டிய பங்கைக் கட்ட மறுத்தார்கள். பெண்கள் உட்பட 30 பேர் சிறை சென்றார்கள். ஏறக்குறைய ஆறு வாரத்தில் விடுதலை. அதே ஆண்டில், ஏழைகளுக்கான செலவை இலண்டன் வட்டாரங்கள் பகிர்ந்துகொள்ளச் சட்டமும் வந்தது.

1965இல் பாப்ளர், ஸ்டெப்னி, பெத்னல் கிரீன் மூன்றும் டவர் ஹேம்லட்ஸ் என ஒன்றாயின. தனி நகராண்மை போயிற்று. அது பெற்ற நியாயம் வரலாற்றில் நிற்கிறது.

மாணவர்களே! வரிக் கணக்கைப் பார்க்கத் தெரிந்தவர்கள்தான் அநியாயத்தைக் கண்டார்கள். கணக்குப் பாடத்தை வெறுக்காதீங்க!