கொள்ளைநோயும் கருவிலிருக்கும் குழந்தையும்



கொள்ளைநோய் வந்து போனபின் இறந்தோரை எண்ணி வருந்துகிறோம்; பிழைத்தோரைக் கண்டு ஆறுதலடைகிறோம். அந்நாளில் தாய் வயிற்றிலிருந்த சிசுவையோ நாம் எந்தக் கணக்கிலும் சேர்ப்பதில்லை.

அச்சிசுவையும் நோய் தாக்கக்கூடும் என்பதைத் தெளிவுறக் காட்டியவர் சிட்னி நகரக் கண் வைத்தியர் நோர்மன் கிரெக் ஆவர். கண்புரையுடன் பிறந்த குழந்தைகள் பலரைக் கண்ட அவர், அவர்தம் தாய்மாருள் அநேகர் கருவுற்ற ஆரம்ப மாதங்களில் ருபெல்லா எனப்படும் ஜேர்மன் சின்னமுத்தாற் பீடிக்கப்பட்டிருந்தமையை 1941ஆம் ஆண்டில் வெளியிட்டார். தாய்க்குச் சில நாட் காய்ச்சலும் தடிப்பும். பிள்ளைக்கோ ஆயுள் முழுதும் துன்பம்! 1964, 1965ஆம் ஆண்டுகளில் அந்நோய் அமெரிக்காவிற் பரவியபோது, ஏறக்குறைய 20,000 குழந்தைகள் கண், செவி, இருதயம் முதலியவற்றிற் குறைகளுடன் பிறந்தன.

பிறக்கும்போது தோன்றாத தீங்கும் உண்டோ? 1918ஆம் ஆண்டு இன்புளுவென்சாக் காலத்திற் கருவிலிருந்தோரை, பிற்காலத்து அமெரிக்கக் குடிசன மதிப்புக்களைக்கொண்டு டக்ளஸ் அல்மண்ட் ஆராய்ந்தார். அவர்கள் கல்வியிலும் வருவாயிலும் பின்தங்கினர் என்றும், அவர்களிடையே அங்கவீனம் மிகுந்திருந்தது என்றும் 2006ஆம் ஆண்டில் எழுதினார். அப்போது பிள்ளை பெற்ற குடும்பங்களின் நிலையே அதற்குக் காரணமாகலாமென மறுத்தோரும் உளர். ஆதலால் நமக்குப் பீதி வேண்டாம், விழிப்பே வேண்டும்.

விழிப்பின் பயனை நம் நாட்டிலேயே காண்கிறோம். 1996ஆம் ஆண்டில் இலங்கையில் ருபெல்லாத் தடுப்பூசி தொடங்கப்பட்டது. பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கும் அது ஏற்றப்பட்டது. 2020ஆம் ஆண்டு யூலை மாதத்தில், இந்நாட்டில் ருபெல்லா ஒழிக்கப்பட்டதென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இன்னும் பிறவாத குழந்தைகளுக்கு ஒரு தலைமுறை அளித்த சீதனம் அதுவன்றோ!

வாலிப அன்பர்களே! நம்மாலாவது யாது? ருபெல்லா ஊசியைக் கருவுறுமுன்னரே ஏற்றுதல் வேண்டும். கருவுற்றபின் அது ஏற்றப்படுவதில்லை. ஆதலால் மணமாகவிருக்கும் நம் சகோதரிகளுக்கு இதை இன்றே நினைவூட்டுவோம். காய்ச்சலுற்றபோது கர்ப்பிணி உள்ள வீட்டிற்குப் போகாதிருப்போம். 2020ஆம் ஆண்டுக் கொரோனாக் காலத்திற் கருவிலிருந்த பிள்ளைகளின் வளர்ச்சி, பார்வை, செவிப்புலன் ஆகியவற்றைக் காலந்தோறும் வைத்தியரிடங் காட்டுமாறு பெற்றோரைத் தூண்டுவோம்.

பேரப்பிள்ளைகளுக்குக் காணியும் வீடும் தேடிவைக்கும் பெரியோர்களே! அவர்தம் சுகத்தையும் அம்முதுசத்தோடு சேர்த்து வைப்போமாக.