வாசலில் பச்சை மாறாத செடிகள்: எதை வைக்கலாம், எப்போ வெட்டலாம்
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



வீட்டு வாசலில் அழகுச் செடி வளர்ப்பதைப் பத்திப் பேசச் சொன்னாங்க. கடன், வட்டி, தொழில்னு பேசுற மேடையில செடியைப் பத்திப் பேச என்ன இருக்குன்னு சிலர் நினைக்கலாம். இருக்கு. எங்க தெருவில் ஓர் அக்கா குழுக் கடன் எடுத்து ரெண்டு வெள்ளாடு வாங்கினாங்க. கொஞ்சம் தள்ளி ஒரு வீட்டில் அரளிச் செடி வேலிக்கு மேல வளர்ந்துட்டதுன்னு வெட்டி, தழையைத் தெரு ஓரமாப் போட்டாங்க. தழை வாடின பிறகு அதில் ஓர் ஆடு வாய் வெச்சது. அன்னைக்கு ராத்திரியே செத்துப்போச்சு. ஆடு போயிடுச்சு, தவணை மட்டும் மாசா மாசம் நின்னுச்சு. அதனால, எந்தச் செடியை எங்கே வைக்கணும், வெட்டினதை என்ன பண்ணணும் என்பது நம்ம வரவு செலவைச் சேர்ந்த விஷயம்தான்.

நிறைய வீடுகளில் முதலில் நிறத்தைப் பார்த்துத்தான் செடி வாங்குறோம். நர்சரியில் பளபளன்னு இருக்கும். வீட்டுக்கு வந்து ஒரு கோடை தாண்டாது. நான் சொல்வது, நிறத்தைக் கடைசியாப் பாருங்க. முதலில் நாலு கேள்வி கேளுங்க. அந்த இடத்தில் வெயில் எவ்வளவு நேரம் விழும்? சித்திரை, வைகாசியில் தண்ணி ஊத்த முடியுமா? ஆடு மாடு வருமா? சின்னப் பிள்ளைங்க விளையாடுற இடமா? இந்த நாலுக்கும் பதில் தெரிஞ்சா செடி தானாத் தெரிஞ்சிடும்.

வெளி வேலிக்கு நான் முதலில் சொல்வது நொச்சி. நம்ம மயிலம் முருகனுக்கு நொச்சி இலை மாலை சாத்துவது நம் எல்லாருக்கும் தெரியும். என் பிள்ளையின் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் புறப்பொருள் பாடம் இருக்கு. அதில், பகைவர் முற்றுகையிட்டால் மதிலைக் காக்கிற வீரர்கள் நொச்சிப் பூச் சூடுவாங்கன்னு இருக்கு. மதில் காக்கிற பூ, இன்னைக்கும் நமக்கு வேலி காக்குது. ஆடு மாடு அதைச் சீண்டாது, அந்த வாசனை பிடிக்காது. கொத்துக் கொத்தா நீலப் பூப் பூக்கும். கோடையில் இலை கொஞ்சம் குறையலாம், வேர் சாகாது. குச்சியை ஒடிச்சு மழைக் காலத்தில் ஊனினாலே வந்துடும். சளி பிடிச்சா ஆவி பிடிக்கலாம், சாயங்காலம் கொசுவுக்குப் புகை போடலாம், தானியத்தில் இலையைப் போட்டு வைக்கலாம்.

நொச்சி வேலிக்கு உள்பக்கம் இட்லிப்பூவும் செம்பருத்தியும் வைக்கலாம். செம்பருத்தின்னா ஆட்டுக்கு உயிர். அதனால அது வேலிக்கு உள்ளேதான் இருக்கணும். இட்லிப்பூவைத்தான் அந்தப் பாடத்தில் வெட்சின்னு சொல்றாங்க. சிவப்பு, மஞ்சள், இளஞ்சிவப்புன்னு நிறங்கள் இருக்கு. அரை நாளாவது நல்ல வெயில் வேணும்.

இட்லிப்பூவில் ஒண்ணு கவனிக்கணும். புது வீடு கட்டினவங்க சுவரை ஒட்டி வைக்கிறாங்க. சுண்ணாம்பும் சிமெண்டும் கலந்த மண்ணில், உப்புத் தண்ணியும் சேர்ந்தா, இலை மஞ்சளாகும். நரம்பு மட்டும் பச்சையா நிக்கும். அது இரும்புச் சத்துக் குறைவு. சுவரிலிருந்து மூணு அடி தள்ளி, செம்மண்ணும் மக்கின எருவும் போட்டு வைங்க. மஞ்சள் ஆயிட்டா, ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு கலந்து சாயங்காலம் இலையில் தெளிக்கலாம்.

குரோட்டன்ஸ் பூவுக்காக வைக்கிற செடி இல்லை, இலைதான் அதுக்கு நிறம். உச்சி வெயிலில் இலை கருகும், முழு நிழலில் நிறம் மங்கிப் பச்சையாகும். காலை வெயில் மட்டும் விழுற கிழக்குப் பக்கம் அதுக்குச் சரி. குளிக்கிற தண்ணி, பாத்திரம் கழுவுற தண்ணி ஓடுற இடத்துக்குப் பக்கத்தில் வெச்சா தனியாத் தண்ணி ஊத்த வேண்டாம். ஆனா சோப்புத் தண்ணி தேங்கக் கூடாது. அதன் பால் துணியில் பட்டா கறை போகாது, சிலருக்குத் தோல் அரிக்கும். குழந்தைங்க கடிக்கவும் கூடாது.

இப்போ அரளி. கூட்டேரிப்பட்டுப் பக்கம் நாலு வழிச் சாலை நடுவில் சிவப்பும் வெள்ளையுமாப் பார்த்திருப்பீங்க. தண்ணி இல்லாமத் தாங்கும், ஆடு மாடு மேயாதுன்னுதான் அங்கே வைக்கிறாங்க. பச்சையா இருக்கும்போது பெரும்பாலும் ஆடு தொடாது. வெட்டி வாடினா அந்தக் கசப்பு தெரியாம வாய் வெச்சிடும். காய்ஞ்சாலும் விஷம் போகாது. மஞ்சள் அரளியின் காய், விதையும் அப்படித்தான். ஆடு, குழந்தை இருக்கிற வீட்டுக்கு அரளி வேண்டாம். ஏற்கெனவே இருந்தா, வெட்டின தழையைக் குழி தோண்டிப் புதைங்க. எரிக்காதீங்க, அந்தப் புகையும் கெடுதல். வேலை முடிஞ்சதும் கை, கத்தி ரெண்டையும் சோப்புப் போட்டுக் கழுவுங்க. இன்னொண்ணு, தங்க நிற இலையோட இருக்கிற டுராண்டா. அதன் மஞ்சள் காய்கள் மணி மாதிரி அழகா இருக்கும், பிள்ளைங்க வாயில் போட்டா ஆபத்து.

அடுத்தது கவாத்து. நம்மில் பலர் செடியை வெட்டப் பயப்படுவோம். வெட்டாத செடி உச்சியில் மட்டும் தழைச்சு, கீழே மொட்டையா நிக்கும். காரணம், நுனியில் இருக்கிற குருத்து கீழே இருக்கிற குருத்துகளை வளர விடாது. நுனியைக் கிள்ளினா கீழ்க் கணுவிலிருந்து ரெண்டு கிளை வரும். இட்லிப்பூவும் செம்பருத்தியும் புதுக் கிளையில்தான் பூக்கும். ஒரு நுனி ரெண்டானா, பூவும் கூடும்.

எப்படி வெட்டணும்? முதலில் காய்ஞ்சது, நோய் பிடிச்சது, ஒண்ணோடொண்ணு உரசுறது, உள்பக்கமா வளர்றது இவற்றை எடுங்க. பிறகு, கணுவுக்குக் கொஞ்சம் மேலே சாய்வா வெட்டுங்க. தண்ணி நிக்காது. ஒரே சமயத்தில் மூணில் ஒரு பங்குக்கு மேலே வெட்ட வேண்டாம். வேலியா வளர்த்தா, கீழே அகலமா, மேலே கொஞ்சம் குறுகலா வெட்டுங்க. அப்போதான் அடியிலும் வெயில் பட்டு இலை இருக்கும். அரிவாளால் கொத்தினா கிளை பிளந்து பூஞ்சணம் ஏறும். கூர்மையான கத்தரி ஒண்ணு, குழுவுக்குப் பொதுவா வாங்கி வெச்சுக்கலாம். நோய் வந்த செடியை வெட்டினதும் டெட்டால் தண்ணியில் துடைச்சிட்டு அடுத்த செடிக்குப் போங்க. செம்பருத்தியில் வெள்ளை மாவுப்பூச்சி இருந்தா, அந்த நுனியை வெட்டி எரிச்சிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயில் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளிங்க.

எப்போ வெட்டணும்? நம்ம ஊர் மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். புரட்டாசியில் நெருக்கமான கிளையை லேசாக் கழிச்சு விட்டா காத்து உள்ளே புகுந்து போகும், செடி சாயாது. மழை ஓய்ஞ்சு தை மாசம் நல்லா வெட்டலாம். பங்குனி கடைசியிலிருந்து வைகாசி முடிய கத்தரியைத் தொடாதீங்க. உள்ளே நிழலில் இருந்த இலை திடீர்னு வெயிலைக் கண்டா கருகிடும். ஆடியில் சாரல் விழுந்ததும் மறுபடியும் ஒரு தடவை வெட்டலாம்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, நம்ம மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டினது யாரும் மறக்க முடியாது. தண்ணி நின்ன பள்ளத்துச் செடிகள் வேர் அழுகிப்போச்சு. மேடு கட்டி வெச்ச செடிகள் தப்பிச்சது. அதனால அரை அடி மேடு போட்டு நடுங்க. தண்ணி வடிய வழியும் விடுங்க.

வெட்டின குச்சிகளை வீணாக்காதீங்க. அரளியைத் தவிர மத்ததை ஆறு அங்குலத் துண்டா வெட்டி, கீழ் இலையைக் கழிச்சு, மணலும் எருவும் கலந்த பையில் நட்டு நிழலில் வைங்க. குரோட்டன்ஸ், செம்பருத்தி, நொச்சி மூணும் சுலபமா வேர் விடும். கடையில் செடியைக் காசு கொடுத்துத்தான் வாங்கணும். பத்து வீட்டுக் குச்சி சேர்ந்தா, ஒரு குழுவுக்குச் சின்ன நாற்றங்கால் ஆயிடும். முதலில் நமக்குள்ளே மாத்திக்கலாம், மிஞ்சினதை விக்கலாம்.

கடைசியா கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். அரளி வெட்டுறவங்க அன்னைக்கே ஆடு வெச்சிருக்கிற வீடுகளுக்குச் சொல்லிடணும், தழையை அன்னைக்கே புதைச்சிடணும்னு எல்லா ஊராட்சியிலும் குழுக் கூட்டத்தில் தீர்மானம் எழுதுங்க. இதுக்குச் செலவு எதுவும் இல்லை. ஓர் ஆடு தப்பினாலும் ஒரு வீட்டின் தவணை தப்பும்.