யாருக்குப் பாடம்?



எச்.ஐ.வி. கிருமி இந்நாட்டில் நுழைந்துவிட்டது என்பதை 1986ஆம் ஆண்டு சென்னையிலேதான் முதன்முதலாகக் கண்டறிந்தனர், மருத்துவப் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். குருதி எடுக்கப்பட்டது யாரிடம்? பாலியல் தொழிலில் தள்ளப்பட்ட பெண்களிடம். உடனே ஊரார், "அது அவர்கள் நோய், குடும்பப் பெண்ணுக்கு என்ன கவலை?" என்று கதவைச் சாத்திக்கொண்டனர். அப்பெண்களிடம் வந்துபோன ஆடவர் எந்த வீட்டுக்குத் திரும்பினர் என்று கேட்டவர் எத்தனை பேர்?

விடை தானாக வந்தது. சுனிதி சாலமன் 1993இல் நிறுவிய ஒய்.ஆர்.ஜி. கேர் நிலையத்தை நாடிவந்த பெண்களுள் மிகப் பெரும்பாலோர் இல்லத்தரசிகள். கணவனையன்றி வேறொருவரை அறியாதவர்கள்!

கும்மிடிப்பூண்டியைப் பாருங்கள். சிப்காட் ஆலைகள், கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஓயாத லாரிகள், மனைவி மக்களைப் பிரிந்து பிழைக்க வந்த வடபுலத்துத் தொழிலாளர்கள். வந்தவன்மீது பழிபோட வேண்டா. கிருமிக்கு ஊருமில்லை, மொழியுமில்லை. நான் கேட்பது வேறு. இத்தகைய ஊரில் ஒரு பெண்ணை அமரவைத்து, "ஆணுறை பயன்படுத்து" என்று பாடம் நடத்துகிறோமே, அணிய வேண்டியவன் எங்கே? அவன் ஆலையில் இருக்கிறான், அல்லது லாரியில் இருக்கிறான்! அன்றிரவு அவள் வாய்திறந்தால், "என்மீதே ஐயமா?" என்பான். அதைவிடக் கொடியது, "இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?" என்ற கேள்வி. அறியாமையை அடக்கம் என்று போற்றும் வீட்டில், அறிவே குற்றச்சாட்டாகி விடுகிறது.

இன்னொன்றும் உண்டு. கருவுற்றவுடன் அவள் குருதியைச் சோதிக்கிறார்கள். நல்லதே, மருந்தால் குழந்தையைக் காக்கலாம். ஆனால் முதலில் கண்டறியப்படுபவள் அவள் என்பதால், கொண்டுவந்தவளும் அவளே என்று தீர்ப்பெழுதி விடுகிறார்கள்! இது வெறும் கற்பனை அன்று. 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டமே, அடிப்பார்கள், கைவிடுவார்கள் என்ற அச்சம் இருக்குமாயின், குறிப்பாகப் பெண்கள் விஷயத்தில், துணைவரிடம் மருத்துவர் தெரிவிக்கலாகாது என்கிறது. சட்டம் எழுதியவர்களுக்கும் நம் வீடுகளின் நிலை தெரிந்திருக்கிறது.

ஆகவே, வகுப்பு பெண்களுக்கு மட்டும் போதாது; ஆலைக்குள், வேலை நேரத்தில், சம்பளம் பிடிக்காமல், ஆடவருக்கும் நடக்கட்டும். லாரிகள் நிற்குமிடத்தில் நடக்கட்டும். அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் சோதனை இலவசம்; கூட்டு மருந்தும் இலவசம். அம்மருந்தைத் தவறாது உண்டு, குருதியில் கிருமி தென்படாத நிலையை எய்தியவரிடமிருந்து உடலுறவால் நோய் பரவுவதில்லை. மனைவியை மட்டும் அனுப்பாதீர்கள் தோழர்களே, நீங்களும் உடன் செல்லுங்கள். முதலில் உங்கள் கையை நீட்டுங்கள்.